காட்டில் கிடைத்த கல் ரத்தினமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காங்கயம், கரூர் பக்கத்துக்காரர்களுக்குக் கல் புதிதல்ல. ஒரு நல்ல மழை பெய்து வெயில் அடித்தால், மேட்டாங்காட்டில் மண் கழுவிப்போன இடத்தில் ஏதாவது ஒன்று மின்னும். அதை எடுத்துவந்து "இது என்ன கல்?" என்று கேட்பவர்களுக்குப் பல வருடங்களாக நான் சொல்லிவரும் பதில்களை இங்கே தொகுத்திருக்கிறேன். பெரும்பாலானவர்கள் நிறத்தைத்தான் முதலில் சொல்வார்கள். நான் நிறத்தைக் கடைசியில்தான் கேட்பேன். அது ஏன் என்பது படிக்கப் படிக்கப் புரியும்.

காட்டில் பளபளவென்று ஒரு கல் கிடைத்தது. முதலில் என்ன பார்க்க வேண்டும்?

கழுவுங்கள். பழைய பல் துலக்கும் பிரஷ்ஷும் தண்ணீரும் போதும், ஆசிட் வேண்டாம். அப்புறம் வெயிலில் வைத்து வடிவத்தைப் பாருங்கள். உடைந்த துண்டாக இல்லாமல் இயற்கையான முகங்கள் இருந்தால் பாதி விடை அதிலேயே இருக்கிறது.

ஆறு பக்கப் பென்சில் போல இருக்கிறதா? நுனி கூராகவும், பக்கங்களில் குறுக்குவாட்டில் மெல்லிய கோடுகளும் இருந்தால் அது படிகம், அதாவது குவார்ட்ஸ். நம் ஊரில் வெங்கச்சங்கல் என்று சொல்வதும் இதே குடும்பம்தான். நுனி வெட்டிவிட்டது போலத் தட்டையாகவும், கோடுகள் நீளவாட்டிலும் இருந்தால் பெரில் என்று சந்தேகப்படலாம். அக்வாமரினும் மரகதமும் பெரில் வகைகள்தான். நடுவில் பெருத்து இரண்டு பக்கமும் சிறுத்த பீப்பாய் போல, ஆறு பக்கத்துடன், கைக்குக் கனமாக இருந்தால் குருந்தம், மாணிக்கமும் நீலமும் சேர்ந்த குடும்பம். பல முகங்கள் கொண்ட உருண்டையாக, மாதுளை முத்து நிறத்தில் இருந்தால் கார்னெட். தகடு தகடாகப் பிரிந்து மின்னினால் காக்காப்பொன், அதாவது மைக்கா. தங்கமோ ரத்தினமோ என்று அதை எடுத்து வருபவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

உடைந்த துண்டென்றால், உடைந்த பரப்பைப் பாருங்கள். சிப்பியின் உட்புறம் போல வளைந்து உடைந்திருந்தால் குவார்ட்ஸாகவோ கண்ணாடியாகவோ இருக்கலாம். மேசைப் பரப்பு போலச் சமதளமாக, படிக்கட்டு படிக்கட்டாக உடைந்திருந்தால் பெரும்பாலும் ஃபெல்ட்ஸ்பார். நம் பக்கத்துச் சந்திரகாந்தக்கல் அந்தக் குடும்பம்.

இந்த வட்டாரத்தில் மட்டும் ஏன் இத்தனை கல்?

இங்கே நிலத்தின் மேல்தோல் உரிந்துபோய்விட்டது. இன்று நாம் நிற்கும் பாறைகள் ஒரு காலத்தில் பூமிக்குள் இருபது, முப்பது கிலோமீட்டர் ஆழத்தில் வெந்துகொண்டிருந்தவை. மேலே இருந்த மலையெல்லாம் கோடிக்கணக்கான ஆண்டுகளில் கரைந்து ஓடிவிட, அடுப்பின் அடிப்பகுதி வெளியே தெரிகிறது. ரத்தினங்களில் பல அந்த ஆழத்தில்தான் உருவாகும். காவிரிப் படுகையின் வண்டலில் தோண்டினால் ஏன் கிடைப்பதில்லை என்பதற்கும் இதுவே விடை. அங்கே பழைய பாறை ஆழத்தில் புதைந்து கிடக்கிறது.

இலங்கையையும் சேர்த்துப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். இரத்தினபுரியின் நீலக்கல்லைப் பெற்ற பாறைகள் ஏறத்தாழ 55 கோடி ஆண்டுகளுக்கு முன், கண்டங்கள் மோதி ஒட்டிக்கொண்ட காலத்தில் வெந்தவை. அப்போது தென்னிந்தியாவும் இலங்கையும் மடகாஸ்கரும் ஒரே நிலமாகப் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. அதனால்தான் மூன்று இடங்களிலும் நீலம், கார்னெட், ஸ்பினல் (மாணிக்கம் போலவே தோன்றும் வேறொரு தாது) என்று ஒரே மாதிரிக் கற்களைப் பார்க்கிறோம்.

சரி, பாறைக்குள் ஒரு ரத்தினம் எப்படித்தான் உருவாகிறது?

ஒரே வழி இல்லை. நம் பக்கத்தில் கிடைக்கும் கற்களை வைத்தே சொல்கிறேன்.

அக்வாமரினை எடுத்துக்கொள்ளுங்கள். ஆழத்தில் கிரானைட் குழம்பு மெதுவாக ஆறுகிறது. முதலில் ஃபெல்ட்ஸ்பார், மைக்கா, குவார்ட்ஸ் என்று சாதாரணத் தாதுக்கள் உறைகின்றன. குழம்பில் துளியளவு பெரிலியம் என்ற தனிமம் இருக்கும். அதன் அணு மிகச் சிறியது. மற்ற தாதுக்களின் கட்டமைப்பில் அதற்கு ஏற்ற இடமே இல்லை. கல்யாணப் பந்தியில் ஒவ்வொரு வரிசையிலும் இடம் கிடைக்காமல் நிற்பவர்களைப் போல அது கடைசிவரை குழம்பிலேயே மிஞ்சுகிறது. இப்படி மிஞ்சியவை எல்லாம் சேர்ந்த, நீர் மிகுந்த கடைசிக் குழம்பு, சுற்றியுள்ள பாறை வெடிப்புகளில் புகுந்து உறைவதுதான் பெக்மடைட். நீர் இருப்பதால் அணுக்கள் எளிதாக நகர்கின்றன. நூலில் கற்கண்டு கட்டுவது போலப் படிகங்கள் பெரிதாக வளர்கின்றன. பெரிலியம், அலுமினியம், சிலிக்கா (வெங்கச்சங்கல்லின் மூலப்பொருள்) மூன்றும் சேர்ந்து பெரில் ஆகிறது. அதில் கொஞ்சம் இரும்பு கலந்தால் கடல்நீர் நிறம், அதுதான் அக்வாமரின். காங்கயத்துக்குப் பக்கத்தில் உள்ள படியூர் இதற்குப் பேர்போன இடம். 1819-20ல் ஆங்கிலேயர் காலத்தில் இந்த வட்டாரத்தில் அகழ்ந்து 2,000க்கும் மேற்பட்ட பெரில் கற்களை எடுத்திருக்கிறார்கள்.

ஆகவே காட்டில் வெள்ளை, இளஞ்சிவப்பு நிறத்தில், பெரிய பெரிய துண்டுகளாக ஃபெல்ட்ஸ்பாரும் காக்காப்பொன்னும் கலந்த ஒரு பட்டை தரையில் ஓடினால், அதுதான் பெக்மடைட் என்று அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள்.

மரகதமும் பெரில்தான். ஆனால் அதன் பச்சைக்குக் குரோமியமோ வனேடியமோ வேண்டும். இங்கேதான் சிக்கல். பெரிலியம் கிரானைட் பக்கத்துச் சரக்கு. குரோமியம் இருப்பதோ அதற்கு நேர் எதிரான, சிலிக்கா குறைந்த கரும்பாறைகளில். இரண்டும் சந்திக்கவே கூடாதவை. எங்கோ ஒரு பெக்மடைட் போய்க் கரும்பாறையைக் குத்தித் துளைத்தால் அந்த எல்லையில் மரகதம் பிறக்கும். சேலம் மாவட்டம் சங்ககிரி வட்டாரத்தில் மரகதம் கிடைத்திருக்கிறது. மரகதம் ஏன் அரிது, ஏன் எப்போதும் உள்ளே விரிசலும் துணுக்கும் நிறைந்திருக்கிறது என்று கேட்டால், அது பிறந்த இடமே அத்தனை நெருக்கடியான இடம்.

கார்னெட் வேறு கதை. அதற்குக் குழம்பு தேவையில்லை. களிமண் போன்ற பழைய படிவுகள் ஆழத்தில் புதைந்து, அழுத்தமும் சூடும் ஏறும்போது, உருகாமலேயே உள்ளே இருக்கும் அணுக்கள் இடம் மாறி அடர்த்தியான புதிய தாதுவாக அடுக்கிக்கொள்கின்றன. கருங்கல் படியில் சிவப்புப் புள்ளிகளைப் பார்த்திருப்பீர்கள். பெரும்பாலும் அவை கார்னெட்தான்.

சந்திரகாந்தக்கல் ஆறும்போது உருவாவது. சூடாக இருக்கையில் பொட்டாசியமும் சோடியமும் ஒன்றாகக் கலந்திருந்த ஃபெல்ட்ஸ்பார், ஆறும்போது இரண்டாகப் பிரிந்து, கண்ணுக்குத் தெரியாத மெல்லிய அடுக்குகளாகிறது. அந்த அடுக்குகளில் ஒளி சிதறுவதுதான் கல்லுக்குள் நிலா மிதப்பது போலத் தெரிகிறது.

குருந்தம் என்றால் என்ன? மாணிக்கமும் நீலமும் ஒரே கல் என்கிறார்களே?

ஒரே கல்தான். அலுமினியமும் ஆக்சிஜனும் மட்டும் சேர்ந்த தாது. சுத்தமாக இருந்தால் நிறமே இல்லை. அலுமினியம் இருக்க வேண்டிய இடத்தில் சிறிது குரோமியம் உட்கார்ந்தால் மாணிக்கச் சிவப்பு. இரும்பும் டைட்டானியமும் சேர்ந்து உட்கார்ந்தால் நீலம். உலகம் முழுவதும் இந்தத் தாதுவுக்கு வழங்கும் கொரண்டம் என்ற பெயரே நம் குருந்தத்திலிருந்து போனது.

இதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. குருந்தமும் வெங்கச்சங்கல்லும் பொதுவாக ஒட்டிப் பிறப்பதில்லை. பாறையில் சிலிக்கா மிச்சம் இருந்தால், அது அலுமினாவை (அலுமினியமும் ஆக்சிஜனும் சேர்ந்ததை) பிடித்து ஃபெல்ட்ஸ்பாராகவோ வேறு சிலிகேட்டாகவோ மாற்றிவிடும். குருந்தம் தனியே நிற்க வேண்டுமானால் அலுமினியம் அதிகமாகவும் சிலிக்கா பற்றாக்குறையாகவும் இருக்க வேண்டும். எனவே யாராவது ஒரு வெங்கச்சங்கல் பாறைக்குள் சிவப்பாகப் பதிந்த கல்லைக் காட்டி "மாணிக்கம்" என்றால், கல்லைத் தொடுவதற்கு முன்பே சந்தேகப்படலாம்.

நாமக்கல் மாவட்டம் சித்தம்பூண்டிக்குப் போனால் சரியான சூழ்நிலையைப் பார்க்கலாம். அங்கே அனார்த்தோசைட் என்ற வெளிர்நிறப் பாறை, ஏறத்தாழ 250 கோடி ஆண்டு பழமையானது. சிலிக்கா குறைந்த இந்தப் பாறை அழுத்தத்திலும் சூட்டிலும் மீண்டும் வெந்தபோது உள்ளே இளஞ்சிவப்புக் குருந்தங்கள் முளைத்தன. பெரும்பாலும் ஒளி ஊடுருவாதவை. நகைக்குப் போவது குறைவு. நிலாவின் வெளிர் மேட்டுநிலமும் இதே அனார்த்தோசைட்தான். சந்திரயானுக்காக நிலா மண்ணைப் போலி செய்ய இஸ்ரோவுக்குத் தேவைப்பட்டபோது இந்தச் சித்தம்பூண்டி, குன்னமலைப் பாறைகளைத்தான் பொடித்தார்கள்.

பாறையில் பிறந்த கல் ஓடையில் ஏன் கிடைக்கிறது?

பாறை மக்கிவிடும், கடினமான கல் மக்காது. வெள்ளம் மண்ணை அடித்துக்கொண்டு போகும்போது, கனமான கல் வேகம் குறையும் இடத்தில், வளைவின் உட்புறத்திலும் பாறைப் பள்ளத்திலும் தங்கிவிடும். இரத்தினபுரியில் இப்படிச் சேர்ந்த சரளை அடுக்குக்கு இல்லம் என்று பெயர். நெல் வயலுக்கு அடியில் குழி இறக்கி, அந்தச் சரளையை எடுத்து, கூடையில் நீரோடு சுழற்றி அலசுவார்கள். லேசானவை விளிம்பால் வழிய, கனமானவை அடியில் நிற்கும். இதில் இன்னொரு நன்மையும் இருக்கிறது. விரிசல் விட்ட கற்கள் ஆற்றோட்டத்திலேயே உடைந்து போய்விடும். கடைசியில் நிற்பது உறுதியானது.

வீட்டில் இருந்தபடியே கல்லை எப்படிச் சோதிப்பது?

எடை போடுங்கள். என்னைக் கேட்டால், லென்ஸுக்கு அடுத்தபடி ஒவ்வொருவரும் கற்றுக்கொள்ள வேண்டியது இதுதான். கல்லைக் கொஞ்சமும் சேதப்படுத்தாத சோதனை.

ஒரு கிராமில் நூறில் ஒரு பங்கு வரை காட்டும் சின்னத் தராசு வாங்கிக்கொள்ளுங்கள், ஆன்லைனில் சில நூறு ரூபாய்க்கே வருகிறது. முதலில் கல்லை உலர்ந்த நிலையில் எடை போட்டு எழுதிக்கொள்ளுங்கள். அடுத்து ஒரு சிறு டம்ளரில் தண்ணீர் ஊற்றித் தராசில் வைத்து, எண்ணைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவாருங்கள். கல்லை மெல்லிய நூலில் கட்டி, நீரில் முழுவதும் முங்குமாறு தொங்கவிடுங்கள். அடியிலோ பக்கத்திலோ தொடக்கூடாது, குமிழி ஒட்டியிருக்கக்கூடாது. இப்போது தராசு காட்டும் எண், கல் விலக்கிய நீரின் எடை. உலர்ந்த எடையை இந்த எண்ணால் வகுத்தால் கல்லின் ஒப்படர்த்தி, அதாவது அதே அளவு நீரைவிட அது எத்தனை மடங்கு கனம் என்பது, கிடைத்துவிடும்.

ஒரு கல் 3.20 கிராம் என்று வைத்துக்கொள்வோம். நீரில் தொங்கவிட்டபோது 0.80 என்று காட்டினால் விடை 4. அது குருந்தத்தின் எண். அதே கல் 1.18 காட்டியிருந்தால் 2.71, பெரிலாக இருக்கலாம். 1.28 காட்டினால் 2.5, சாதாரணக் கண்ணாடி.

மனதில் வைத்துக்கொள்ள வேண்டிய எண்கள்: சந்திரகாந்தக்கல் 2.57 அளவில், குவார்ட்ஸ் 2.65, பெரில் 2.7 சொச்சம், வைரம் 3.52, புஷ்பராகம் என்று உலகம் சொல்லும் டோபாஸ் 3.5 சொச்சம், ஸ்பினல் 3.6, கோமேதகம் 3.65 அளவில், வைடூரியம் 3.7 சொச்சம், குருந்தம் 4, சிவப்புக் கார்னெட் 3.8 முதல் 4.2 வரை, அமெரிக்கன் டைமண்ட் 5.6க்கு மேல்.

சின்னக் கல்லுக்கு இந்தச் சோதனை தடுமாறும். அரை கிராமுக்குக் குறைவான கல்லில் தராசின் சிறு பிழையே விடையைப் புரட்டிவிடும். நகையில் பதித்த கல்லுக்கும் முடியாது. ஈயம் கலந்த கண்ணாடி 4ஐயும் தாண்டும் என்பதால், எண் பொருந்திவிட்டது என்று உடனே கொண்டாட வேண்டாம்.

இரண்டாவது சோதனைக்கு ஒரு லேப்டாப் திரையும் போலராய்டு கூலிங் கிளாஸும் போதும். திரையை முழு வெள்ளையாக வைத்து, கண்ணாடியைத் திருப்பினால் ஒரு கட்டத்தில் திரை இருண்டுவிடும். அந்த நிலையில் நிறுத்தி, இரண்டுக்கும் நடுவில் ஒளி புகும் கல்லைப் பிடித்து மெல்லச் சுழற்றுங்கள். ஒரு முழுச் சுற்றில் நான்கு முறை வெளிச்சமும் இருட்டும் மாறி மாறி வந்தால், அது ஒளியை இரண்டாகப் பிரிக்கும் கல்: குருந்தம், பெரில், குவார்ட்ஸ் போன்றவை. இருட்டாகவே இருந்தால் கண்ணாடி, கார்னெட், ஸ்பினல், வைரம் இவற்றில் ஒன்று. இரட்டை ஒளிவிலகல் கல்லும் ஒரு குறிப்பிட்ட திசையில் இருட்டாகவே நிற்கும். அதனால் மூன்று, நான்கு கோணங்களில் வைத்துப் பார்த்த பிறகே முடிவுக்கு வாருங்கள்.

கீறிப் பார்த்தால் தெரிந்துவிடாதா?

காட்டில் எடுத்த முரட்டுக் கல்லில், மறைவான ஓரத்தில் மட்டும் செய்யலாம். கற்களின் கடினத்தை 1 முதல் 10 வரை அளக்கும் மோஸ் அளவுகோலை வைத்துச் சொல்கிறேன். பேனாக்கத்தி கீறினால் அது 5.5க்குக் கீழ், சுண்ணாம்பு வகையாக இருக்கலாம். வெங்கச்சங்கல்லின் கூர்முனை கீறினால் 7க்குக் கீழ். வெங்கச்சங்கல்லையே அது கீறினால் பெரில், குருந்தம் போல ஏதோ கடினமானது. பட்டை தீட்டிய கல்லில் ஒருபோதும் வேண்டாம். கல் தேறினாலும் முகம் கெட்டுவிடும்.

கடினம் வேறு, உறுதி வேறு. "உண்மையான வைரம் சுத்தியலால் அடித்தாலும் உடையாது" என்று நம்பி உடைத்தவர்கள் பலர். வைரத்தை எதுவும் எளிதில் கீறாது, ஆனால் அதற்குப் பிளவுத் தளங்கள் உண்டு. ஓர் அடியில் சிதறும்.

மாணிக்கத்தைப் பாலில் போட்டால் பால் சிவக்கும் என்கிறார்களே?

சிவக்காது. சிவந்தால் கல்லில் சாயம் ஏற்றியிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

சிவப்பாக இருந்தால் மாணிக்கமா?

இந்தக் கேள்விக்குத்தான் நான் அதிகம் பதில் சொல்லியிருக்கிறேன். சிவப்பில் மாணிக்கம் உண்டு, கார்னெட் உண்டு, ஸ்பினல் உண்டு, கண்ணாடியும் உண்டு. கண் ஒன்றை மட்டும் நம்பினால் அரசர்களே ஏமாறுவார்கள். இங்கிலாந்து மணிமுடியின் முன்புறத்தில் இருக்கும் பெரிய சிவப்புக் கல்லுக்குப் பெயர் கறுப்பு இளவரசரின் மாணிக்கம். அது மாணிக்கமே அல்ல, ஸ்பினல்.

பிரிப்பது எப்படி? மேலே சொன்ன திரைச் சோதனையில் மாணிக்கம் மட்டும் மின்னி மின்னி அணையும், மற்ற மூன்றும் இருட்டு. அடர்த்தியில் ஸ்பினல் 3.6ல் தனியே பிரிந்துவிடும். கார்னெட்டைப் பிடிக்க ஒரு வலுவான நியோடிமியம் காந்தம் வாங்கிக்கொள்ளுங்கள். கல்லைச் சின்னத் தெர்மாக்கோல் துண்டில் வைத்து நீரில் மிதக்கவிட்டு, காந்தத்தை அருகே கொண்டுபோங்கள். இரும்பு நிறைந்த சிவப்புக் கார்னெட் படகு போல நகர்ந்து வரும். மாணிக்கம் அசையாது. இதைப் பள்ளிப் பிள்ளைகளிடம் காட்டிப் பாருங்கள், அந்த ஒரு நொடிக்காகவே செய்யலாம்.

மாணிக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தால் ஒரு திசையில் ஊதா கலந்த சிவப்பும் மறு திசையில் ஆரஞ்சு கலந்த சிவப்பும் தெரியும். கார்னெட்டும் ஸ்பினலும் எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒரே சிவப்பு.

லென்ஸில் என்ன தேட வேண்டும்?

10 மடங்கு பெருக்கும் லென்ஸைக் கண்ணுக்கு மிக அருகில் வைத்து, கல்லை லென்ஸை நோக்கிக் கொண்டுவாருங்கள். குமிழி உருண்டையாக இருந்தால் கண்ணாடி, அல்லது உலையில் வளர்த்த கல். நிறம் பாகு கரைவது போலச் சுருண்டு ஓடினால் கண்ணாடி. பட்டைகளின் விளிம்பு மழுங்கித் தேய்ந்திருந்தாலும் கண்ணாடியாக இருக்க வாய்ப்பு அதிகம்.

இயற்கைக் கல்லில் தெரிவது வேறு. நீலத்திலும் மாணிக்கத்திலும் பட்டு நூல் போல மெல்லிய ஊசிகள் 60 பாகைக் கோணத்தில் குறுக்கும் நெடுக்குமாக ஓடும். ரூட்டைல் என்ற தாது அது. இந்த ஊசிகள் அடர்ந்திருக்கும் கல்லைக் குமிழ் வடிவில் தீட்டினால் ஆறு கதிர் நட்சத்திரம் தெரியும். நிறப்பட்டைகள் இருந்தால் அவை நேர்கோடாக, அறுகோண மூலைகளோடு இருக்கும். கல் வளர்ந்த வரலாறு அப்படியே உள்ளே எழுதி வைத்திருக்கிறது. "ஒரு துளி குறைகூட இல்லாத பெரிய மாணிக்கம், மலிவாகத் தருகிறேன்" என்று ஒருவர் சொன்னால் எனக்குக் கவலை வருவது இதனால்தான். அந்தக் குறைகள்தான் கல்லின் பிறப்புச் சான்றிதழ்.

செயற்கைக் கல் என்றால் போலியா?

இரண்டும் ஒன்றல்ல. சிவப்புக் கண்ணாடியை மாணிக்கம் என்று விற்பது போலி. செயற்கை மாணிக்கமோ உண்மையிலேயே குருந்தம், பிறந்த இடம் மட்டும் உலை. பிரான்சின் வெர்னெய் 1902ல் இதை அறிவித்தார். அலுமினாப் பொடியைக் கொழுந்துவிட்டு எரியும் சுவாலை வழியே கொட்ட, அது உருகிச் சொட்டிக் கீழே தண்டு போல வளரும். இயற்கைக்கு நெடுங்காலம் பிடித்த வேலை சில மணி நேரத்தில் முடிந்துவிடும். இதன் அடர்த்தியும் கடினமும் இயற்கைக் கல்லுடையதே. ஆகவே தராசும் காந்தமும் இங்கே உதவாது. லென்ஸில் கிராமபோன் தட்டின் வரிகளைப் போல வளைந்த கோடுகள் தெரிந்தால் இந்த உலைக் கல் என்று பிடித்துவிடலாம். இயற்கையில் கோடு வளையாது.

திருச்சியைச் சுற்றிய ஊர்களில் தலைமுறை தலைமுறையாகச் செயற்கைக் கல்லுக்குப் பட்டை தீட்டியிருக்கிறார்கள். அந்தக் கைகளின் திறமையில் எந்தப் போலியும் இல்லை. செயற்கை என்று சொல்லி விற்கும் வரை அந்தக் கல்லும் நேர்மையான கல்தான்.

சூடேற்றிய கல் வாங்கலாமா?

வாங்கலாம், சொல்லி விற்றால். இலங்கையில் கெவுடா என்று ஒரு வகை உண்டு. பால் கலந்தது போல மங்கலான குருந்தம். ஒரு காலத்தில் அதற்கு மதிப்பே இல்லை. ஏறத்தாழ 1,600 பாகை செல்சியஸ் சூட்டில் உள்ளே இருந்த ரூட்டைல் கரைந்து, அதிலுள்ள டைட்டானியம் இரும்போடு சேர்ந்து நல்ல நீலமாகிவிடும் என்று தாய்லாந்துக்காரர்கள் கண்டுகொண்ட பிறகு நிலைமையே மாறிப்போனது. அந்த நிறம் நிலையானது.

ஆனால் ஈயக் கண்ணாடி நிரப்பிய மாணிக்கத்தை இதோடு சேர்க்காதீர்கள். விரிசல் விழுந்த மட்டமான குருந்தத்தில் உருகிய கண்ணாடியைப் புகுத்தி, பார்வைக்குத் தெளிவாக்கிவிடுகிறார்கள். என் உறவினர் ஒருவர் ராசிக்கல் மோதிரமாக அப்படி ஒன்றை நல்ல விலைக்கு வாங்கினார். மோதிரத்தைச் சின்னதாக்க ஆசாரி ஊதுகுழல் பிடித்ததும் கல்லில் வெள்ளை வெள்ளையாக நரம்புகள் தெரிந்தன. எலுமிச்சைச் சாறு போன்ற புளிப்பே காலப்போக்கில் அந்தக் கண்ணாடியை அரிக்கும். லென்ஸில் சாய்த்துப் பார்த்தால் விரிசல்களில் நீலப் பொறி பளிச்சிடும், தட்டையான குமிழிகள் தெரியும். வாங்குவதற்கு முன் பார்த்துவிடுங்கள்.

மரகதத்தில் எண்ணெய் ஏற்றுவது பழைய வழக்கம், கடைக்காரர்களே ஒத்துக்கொள்வார்கள். அதை வெந்நீரிலும் சோப்பிலும் போட்டுக் கழுவ வேண்டாம்.

புஷ்பராகம், வைடூரியம் என்றால் எந்தக் கல்?

பெயர்க் குழப்பம் பெரிய குழப்பம். ராசிக்கல் கடையில் புஷ்பராகம் என்றால் பெரும்பாலும் மஞ்சள் குருந்தம். ஆனால் அதே பெயரில் டோபாஸும், செவ்வந்திக்கல்லை (அமெதிஸ்ட்) சூடாக்கி மஞ்சளாக்கிய குவார்ட்ஸும் விற்கப்படுகின்றன. அடர்த்தி முறையே 4, 3.5, 2.65. தராசு ஒரு நிமிடத்தில் தீர்த்துவைக்கும் வழக்கு இது.

வைடூரியம் இன்று பூனைக்கண் கல். திருவனந்தபுரம் பக்கத்திலும் இலங்கையிலும் கிடைக்கும் கிரைசோபெரில். ஆனால் பழங்காலத்தில் வைடூரியம் என்ற சொல் பெரிலைக் குறித்தது. பிராகிருத வடிவமான வேருளியம் கிரேக்கம் போய் பெரில் ஆயிற்று. ஜெர்மானியர்கள் மூக்குக்கண்ணாடியை பிரில்லே என்று சொல்வதுகூட இந்தச் சொல்லிலிருந்து வந்ததுதான். முதலாம் நூற்றாண்டில் ரோமானியரான பிளினி, பெரில் இந்தியாவிலிருந்து வருகிறது என்றும் கடலின் தூய பச்சையை ஒத்திருப்பதே உயர்ந்தது என்றும் எழுதிவைத்தார்.

அந்தக் கல்லை மணியாக்கிய பட்டறைகள் எங்கே இருந்தன? நொய்யல் கரையில், சென்னிமலைக்கு அருகே கொடுமணல். பதிற்றுப்பத்து சொல்லும் கொடுமணம் இதுதான் என்பது ஆய்வாளர் கருத்து. அகழாய்வில் பெரில், நீலம், படிகம், செவ்வந்திக்கல், சூதுபவளம் (கார்னீலியன்) எல்லாம் முரட்டுக் கல்லாக, பாதி தீட்டியதாக, துளையிடாத மணியாக, வேலையின் ஒவ்வொரு கட்டத்திலும் கிடைத்திருக்கின்றன. இதில் சூதுபவளம் நம் மண்ணில் பிறந்ததல்ல. குஜராத், தக்காணப் பகுதியின் எரிமலைப் பாறைகளில், ஆவிக் குமிழிகள் விட்டுப்போன பொந்துகளில் சிலிக்கா படிந்து உருவாவது. பாறையின் பிறப்பைத் தெரிந்தால் வணிகப் பாதையும் தெரிந்துவிடுகிறது. அதனால் ஒரு வேண்டுகோள்: கொடுமணல் போன்ற இடங்களில் மணி கண்ணில் பட்டால் எடுத்து வராதீர்கள். கிடந்த இடத்தை விட்டு எடுத்த மணி சொல்ல வேண்டியதைச் சொல்லாது.

தமிழ்நாட்டில் வைரம் கிடைக்குமா?

யாராவது காட்டினால் படிகமாக இருக்கும். வைரம் 150 கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்தில் உருவாகி, கிம்பர்லைட் போன்ற எரிமலைக் குழாய்கள் வழியே மேலே வர வேண்டும். இந்தியாவில் அதற்கு ஆந்திரத்தின் வஜ்ரகரூர், மத்தியப் பிரதேசத்தின் பன்னா போன்ற இடங்களுக்குத்தான் போக வேண்டும்.

என் பட்டா நிலம்தானே, தோண்டி எடுத்து விற்கலாமா?

அனுமதியில்லாமல் கூடாது. 1957ஆம் ஆண்டின் கனிமச் சட்டப்படி குத்தகை உரிமம் இல்லாமல் கனிமம் அகழ்வது குற்றம். மாவட்டக் கனிமவளத் துறை அலுவலகத்தில் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். இலங்கையிலும் அகழ்வதற்குத் தேசிய இரத்தினக்கல் மற்றும் ஆபரண அதிகாரசபையின் உரிமம் வேண்டும். சட்டம் ஒரு பக்கம் இருக்க, பக்கபலம் கட்டாமல் தோண்டிய குழி மழைநாளில் சரியும். அதை நினைத்தாவது கைவிடுங்கள்.

நல்ல கல் என்று தோன்றினால் யாரிடம் காட்டுவது?

விற்காதவரிடம். கல்லை வாங்கவோ விற்கவோ செய்யாத ஆய்வகத்தில் சான்றிதழ் வாங்குங்கள். ஜெய்ப்பூரில் 1972ல் ரத்தினச் சோதனை ஆய்வகமாகத் தொடங்கி, இப்போது IIGJ-RLC என்ற பெயரில் இயங்கும் ஆய்வகம் போன்றவை இருக்கின்றன. சான்றிதழில் மூன்று வரிகளைத் தேடுங்கள்: தாதுவின் பெயர், இயற்கையா செயற்கையா என்பது, சூடேற்றல் அல்லது நிரப்பல் உண்டா என்பது. மூன்றாவது வரி இல்லாத தாளுக்குப் பெரிய மதிப்பில்லை. அனுப்பும் முன் கல்லின் எடையையும் புகைப்படத்தையும் பதிந்துகொள்ளுங்கள்.

பிள்ளைகளுக்கு இதில் ஆர்வம். எங்கிருந்து தொடங்கலாம்?

அடுத்த முறை கன்னியாகுமரிக்கோ தூத்துக்குடிக்கோ போகும்போது கடற்கரையில் மணல் திட்டுத்திட்டாக நிறம் மாறியிருக்கும் இடத்தைக் காட்டுங்கள். அங்கேயே ஒரு சிட்டிகையை வெள்ளைத் தாளில் பரப்பி லென்ஸைக் கையில் கொடுங்கள். சிவப்பு மணிகள் கார்னெட், கறுப்பு இல்மனைட், வெளிறியவை குவார்ட்ஸ். கண்ணாடித்துண்டு போல மின்னும் நிறமற்ற சிறு மணிகளில் சிர்கானும் இருக்கும். காந்தத்தைத் தாளுக்கு அடியில் ஓட்டச் சொல்லுங்கள். கறுப்பு முதலில் ஓடிவரும், சிவப்பு தயங்கித் தயங்கி வரும், வெள்ளை இருந்த இடத்திலேயே இருக்கும்.